பூவிழிக்கு டி.சி. வாங்கணும்

ஏப்ரல் 5, ஞாயிறு

வக்கீல் சரோஜினி மேடம் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை நாளா டிவி பக்கத்துல தூசி தின்னுக்கிட்டுக் கிடந்துச்சு. இன்னைக்கு எடுத்துட்டேன். வாய்விட்டுச் சொன்னா வீட்டுல சண்டை வரும், சொல்லாம இருந்தா எனக்கு மண்டை வெடிச்சிரும். அதான்.

வசுவை ஒருத்தரு பொண்ணு பாத்துட்டுப் போயிட்டாரு. வசுமதி என் வீட்டுக்காரரோட தங்கச்சி. பூவிழிக்கு நாலு வயசு இருக்கும்போது அவளை இடுப்புல வச்சுக்கிட்டு ஒரே ஒரு பையோட எங்க உறையூர் வீட்டு வாசல்ல வந்து நின்னவ. இப்ப பூவிழிக்கு எட்டு. போன வருஷம்தான் வசுவுக்கு விவாகரத்து கிடைச்சுச்சு. அந்த மனுவ டைப் பண்ணினதே நான்தான். கோர்ட்டுக்கு எதிர்த்தாப்புல டைப்பிங் சென்டர்ல உக்காந்து உக்காந்து எனக்கு இடுப்பே போச்சு. திருச்சியில பிரிஞ்ச குடும்பத்துல பாதிப் பேரோட கதை என் விரல் வழியாத்தான் போயிருக்கும்.

வந்தவரு பேரு திருஞானம். ஓசூர்ல ஒரு கம்பெனியில சூப்பர்வைசர். அவருக்கும் இது ரெண்டாவது. பிள்ளைகுட்டி கிடையாது, அப்பா அம்மாவும் இல்ல. தனியாத்தான் வந்தாரு. பொண்ணு பாக்கத் தனியா வர்ற ஆள இப்பத்தான் பாக்குறேன். உக்காந்தா காலை ஆட்டிக்கிட்டே இருக்காரு. பஜ்ஜியில சட்னியத் தொடாம சாப்பிடுறாரு. சிரிச்சா சத்தம் மூக்கு வழியா வருது.

பூவிழி ஊனோ சீட்டை எடுத்துக்கிட்டு வந்து அவரு முன்னாடி உக்காந்துட்டா. ரெண்டு ஆட்டம் போட்டாங்க. ரெண்டுலயும் அவருதான் ஜெயிச்சாரு. சின்னப்பிள்ளைகிட்ட விட்டுக்கொடுக்கத் தெரியாத மனுஷன் நாளைக்குப் பொண்டாட்டிகிட்ட என்னத்த விட்டுக்கொடுப்பாரு? இதை நான் சொன்னா பூவிழி என்னையே மடக்குறா: "அவரு ஏமாத்தவே இல்ல அத்தை. மாமா வேணும்னே தோப்பாரு. இவரு நெஜமா விளையாடுறாரு."

வசுவுக்கு நல்லது நடக்கணும். அதுல எனக்கு ரெண்டு கருத்து கிடையாது.

ஏப்ரல் 8, புதன்

இன்னைக்கு மூணு மனு. ஒண்ணுல பிள்ளை யாருகிட்ட இருக்கணும்னு தகராறு. மாசத்துல ரெண்டாவது, நாலாவது சனிக்கிழமை அப்பா பாத்துக்கலாம், பள்ளிக்கூட லீவுல பாதி நாள் அப்பா, பண்டிகைக்கு தாத்தா வீடு. இதெல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கிட்டே அடிக்க வரும். அடிச்சுக்கிட்டே இருக்கும்போது சும்மா ஒரு யோசனை வந்துச்சு. அத்தைக்குன்னு ஒரு பாரா நான் இதுவரைக்கும் அடிச்சதே இல்ல. மாமன் பொண்டாட்டி எந்தக் கணக்குலயும் வரமாட்டா.

சும்மா தோணுச்சு, எழுதினேன்.

சாயங்காலம் பூவிழி ஸ்கூல் விட்டு நேரா சென்டருக்கு வந்தா. என் நாற்காலிக்குப் பின்னாடி உக்காந்து முறுக்கு தின்னா. சட்டை பூரா தூள். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து பேன் சீப்பு போட்டு, குளிக்க வச்சு, கணக்குப் போட வச்சு, சாப்பிட வச்சேன். வசு ஜவுளிக்கடையில சேலை விரிச்சுப் போட்டு மடிச்சு வச்சு வீடு வர்றப்ப பிள்ளை தூங்கியிருக்கும். தினமும் இதே கதைதான். அவளையும் குத்தம் சொல்ல முடியாது.

ஏப்ரல் 11, சனி

ரெண்டாவது கல்யாணம்னா விசாரிக்காம விட முடியுமா? கிருஷ்ணகிரி கோர்ட்டுல எனக்குத் தெரிஞ்ச குமாஸ்தா ஒருத்தரு இருக்காரு. போன் போட்டேன். திருஞானத்தோட பழைய கேஸைப் பாத்துச் சொல்லுங்கன்னேன்.

மத்தியானம் திருப்பிக் கூப்பிட்டாரு. "ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சதுதான்க்கா. அடிதடி, குடி, ஒண்ணும் இல்ல. வீட்டுச் சாமான் எல்லாத்தையும் அந்தம்மாவுக்கே விட்டுட்டு வந்திருக்காரு. கொற சொல்ல ஒண்ணும் கிடைக்கல."

கொற சொல்லக் கேட்டேனான்னு எனக்குக் கோபம் வந்துச்சு. ஆனா சந்தோஷம்தான். ரொம்ப சந்தோஷம். சாயங்காலம் பூரா தலைவலி. வெயில் அப்படி அடிக்குது.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. வசு சரின்னு சொல்லிட்டா. மே இருபத்தி நாலு, வயலூர் கோயில்ல.

என் வீட்டுக்காரரோட சித்தி ஒருத்தி பாலக்கரையில இருக்கா, எந்த நல்ல காரியத்துக்கும் அழைக்காமலே முதல்ல வந்துருவா. வடை தின்னுக்கிட்டே, "பாப்பாவ இங்கயே விட்டுட்டுப் போ வசு. புது வாழ்க்கை. பழசைக் கையில பிடிச்சுக்கிட்டா போவாங்க? எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க" அப்படின்னா. பூவிழிய 'பழசு'ன்னா. எனக்குக் கை பரபரன்னுச்சு. ஆனா சொன்ன விஷயம் தப்புன்னு சொல்ல முடியாது.

"ஒரு வருஷம் நான் பாத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் நிலையா உக்காருங்க, அப்புறம் பாக்கலாம்"னு சொன்னேன். சித்தி என்னைப் பாத்து, "உன்னை மாதிரி அண்ணி யாருக்குடி கிடைப்பா"ன்னா. இவருகூட மெச்சுதலா பாத்தாரு. கல்யாணமாகி இருபது வருஷத்துல இவரு என்னை அப்படிப் பாத்தது அபூர்வம்.

வசு மட்டும் தட்டை எல்லாம் அடுக்கினா. கடைசியா, "அவரு என்ன சொல்றாருன்னு பாப்போம் அண்ணி"ன்னு எழுந்து போயிட்டா.

ஏப்ரல் 22, புதன்

திருஞானம் எனக்குப் போன் பண்ணினாரு. எதுக்கு எனக்குப் பண்ணணும்? வசு கடையில இருப்பா, எடுக்க முடியாதாம்.

"அக்கா, இங்க வீட்டுக்குப் பக்கத்துலயே ஒரு ஸ்கூல்ல சீட் சொல்லி வச்சிருக்கேன். பாப்பாவுக்கு டி.சி. எப்ப கிடைக்கும்? அப்புறம் இன்னொண்ணு, அவளுக்குத் தனியா கட்டில் போடவா, இல்ல அம்மாகூடவே படுப்பாளா? எனக்கு இதெல்லாம் தெரியாதுக்கா."

என்ன சொன்னேன்னு அப்படியே எழுதுறேன். "பாப்பா இங்கதான் இருப்பேன்னு அடம் பிடிக்குது தம்பி" அப்படின்னேன். அப்புறம், "அப்படியாக்கா. சரி, கட்டாயப்படுத்த வேணாம். பாவம், பழகின இடம். வசுமதி என்ன சொல்றாங்க?"ன்னாரு. "அவ என்ன சொல்லுவா, பிள்ளை சந்தோஷம்தான் அவளுக்கும்"னேன்.

இதுல பொய் எங்க இருக்கு? போன மாசம் ஒரு நாள் டியூஷனுக்குப் போகமாட்டேன், இங்கதான் இருப்பேன்னு அடம் பிடிச்சுச்சுல்ல.

ஏப்ரல் 23, வியாழன்

வசு காலையில தலை சீவிக்கிட்டு இருந்தப்போ சொன்னேன். திருஞானம் பேசினாரு, பாப்பா இங்கயே இருந்தாலும் அவருக்குச் சரிதானாம், கட்டாயம் ஒண்ணும் இல்லையாம். அவரு சொன்ன வார்த்தைதான். 'கட்டாயப்படுத்த வேணாம்'னு அவரு வாயால சொன்னாரு.

வசு சீப்பைக் கீழ வச்சுட்டா. "அவரா சொன்னாரா அண்ணி?" ன்னு கேட்டா. "ஆமா"ன்னேன்.

ஸ்கூல் சீட்டு, கட்டில் பத்தி சொல்லல. சரோஜினி மேடம் எனக்கு முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அதுதான். கேக்காதத மனுவுல எழுதாத, தவமணி, கேட்டா சொல்லிக்கலாம், விட்டது பொய்யாகாதும்பாங்க.

பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வசு சாப்பிடாமலே போயிட்டா.

ஏப்ரல் 29, புதன்

வசுவும் திருஞானமும் போன்ல பேசிக்கிறதக் கேட்டா பேங்க் மேனேஜர்கிட்ட பேசுற மாதிரி இருக்கு. "உங்களுக்கு எது வசதியோ." "இல்ல இல்ல, உங்க விருப்பம்தான்." "சாப்டீங்களா." "சாப்டேன். நீங்க?" ஆளுக்கு ஒரு தடவ கை சுட்டுக்கிட்டவங்க. அடுத்தவங்க மனசு நோகக் கூடாதுன்னு ஒருத்தரும் ஒண்ணையும் நேராக் கேக்க மாட்டேங்குறாங்க. வசு இன்னைக்கு, "பாப்பா இங்க இருக்குறதப் பத்தி அண்ணிகிட்ட சொன்னீங்களாமே"ன்னு கேட்டா. நான் அடுப்படியிலதான் இருந்தேன், காதுல விழுந்துச்சு. அவரு என்னமோ சொன்னாரு. இவ, "சரிங்க. பாப்பாவுக்கு எது நல்லதோ அதுதான்"னு வச்சுட்டா.

வச்சதுக்கு அப்புறம் போனையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. வெங்காயம் நறுக்கித் தரவான்னு வந்து நின்னா. வேணாம்னு அனுப்பிட்டேன்.

மே 2, சனி

கோர்ட்டுக்கு மே மாச லீவு. சென்டர்ல ஈ ஓட்டுற வேலைதான், நான் போகல. வீட்டுல இருந்தா எனக்குக் கை கால் நிக்காது. பரண்ல இருந்த பாத்திரத்தை இறக்கித் தேச்சு மறுபடியும் ஏத்தினேன். ஜன்னல் திரையை எல்லாம் துவைச்சேன். அரிசி டப்பாவ வெயில்ல வச்சேன். பூவிழியோட நாலாம் வகுப்பு நோட்டுக்கு பிரவுன் அட்டை வாங்கி வச்சுட்டேன். ஸ்கூல் தொறக்குறதுக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குன்னு இவரு சிரிக்கிறாரு. முன்கூட்டியே வாங்கினா அலைச்சல் மிச்சம்.

மே 6, புதன்

வசு கல்யாணம் வேணாம்னுட்டா.

வேலைக்குக் கிளம்புறவ, செருப்பைப் போட்டுக்கிட்டே, பஸ் பாஸ் எங்கேன்னு கேக்குற மாதிரி சொன்னா. "பிள்ளைய விட்டுட்டுப் போய் எனக்கு ஒரு கல்யாணம் வேணாம் அண்ணி. அவருக்கு நேத்தே மெசேஜ் அனுப்பிட்டேன்." இவரு பஸ் டிப்போவுக்கு வேலைக்குக் கிளம்பி நின்னவரு அப்படியே உக்காந்துட்டாரு. "ஏம்மா, அந்தாளு பிள்ளை வேணாம்னா சொன்னான்?" "வேணாம்னு சொல்லலண்ணே. வேணும்னும் சொல்லல."

"திரும்ப ஒருக்கா கேட்டுப் பாரேன்"னு நான் சொல்லியிருக்கணும். வாய் வரைக்கும் வந்துச்சு. பால் பொங்கிருச்சு, உள்ள ஓடினேன்.

மே 7, வியாழன்

கேசரி கிண்டினேன். எதுக்குன்னு இவரு கேட்டாரு. ரவை கெட்டுப் போயிரும்னேன். யாரும் சாப்பிடல.

மே 9, சனி

வசு லீவு போட்டுட்டுப் படுத்திருக்கா. காய்ச்சல் இல்ல, ஒண்ணும் இல்ல. சுவரைப் பாத்துப் படுத்திருக்கா. நாலு வருஷத்துக்கு முன்னாடி வந்த புதுசுல இப்படித்தான் படுத்திருந்தா. கொஞ்ச நாளா சிரிச்சுக்கிட்டு இருந்தான்னே இப்பத்தான் எனக்கு உறைக்குது. குளிச்சுட்டு வரும்போது ஏதாவது முணுமுணுப்பா. பொட்டு வச்சுக்கிட்டு கண்ணாடிய ரெண்டு தடவ பாப்பா. அதெல்லாம் எப்ப ஆரம்பிச்சுச்சுன்னு நான் கவனிக்கல. நின்னது மட்டும் பளிச்சுன்னு தெரியுது.

ரசம் வச்சுக் கொடுத்தேன். "நீங்க இல்லன்னா எங்க ரெண்டு பேருக்கும் நாதி ஏது அண்ணி"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. கையை உருவிக்கிட்டு வந்து துணி மடிச்சேன். மடிச்ச துணியையே மறுபடியும் பிரிச்சு மடிச்சேன்.

மே 10, ஞாயிறு

இன்னைக்கு நடந்ததை எழுத வேணாம்னு பாத்தேன். எழுதாம இருக்கவும் முடியல.

பூவிழிக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருந்தேன், பின்கட்டுல வச்சு. எப்பவும் தொணதொணன்னு பேசுறது இன்னைக்கு வாயே தொறக்கல. நான்தான், "என்னடி, வாயில கொழுக்கட்டையா?"ன்னேன்.

"அத்தை, ஹாஸ்டல்ல எத்தனாங் கிளாஸ்ல இருந்து சேத்துப்பாங்க?"

"எதுக்குடி ஹாஸ்டல்?"

"நான் ஹாஸ்டலுக்குப் போறேன். அப்ப நான் அம்மாகிட்டயும் இல்ல, அவரு வீட்டுலயும் இல்ல, யாருக்கும் தொந்தரவு இல்லல்ல. அம்மா கல்யாணம் பண்ணிக்கலாம்ல." திரும்பி என்னைப் பாக்கல. முழங்காலைக் கட்டிக்கிட்டு தரையப் பாத்துக்கிட்டுச் சொல்லுது. "சித்திப் பாட்டி சொன்னாங்க, நான் இருக்குறதாலதான் நின்னுபோச்சாம். நான் அழமாட்டேன் அத்தை. ஹாஸ்டல்ல லீவுக்கு விடுவாங்கதானே?"

எண்ணெய்க் கிண்ணம் கவுந்துருச்சு. துடைக்கணும்னு எழுந்து போயி அடுப்படியில நின்னுக்கிட்டே இருந்தேன். பிள்ளை அங்க எண்ணெய் வழிய உக்காந்திருக்கு. எட்டு வயசுப் பிள்ளை தன்னை எங்க ஒதுக்கி வைக்கலாம்னு இடம் தேடுது. நான் அழுதேன். நல்லாவே அழுதேன். சத்தம் கேக்காம இருக்க மிக்ஸியப் போட்டேன். உள்ள ஒண்ணும் இல்லாம அது பாட்டுக்கு ஓடுச்சு.

மே 11, திங்கள்

காலையில மொட்டை மாடிக்குப் போயி திருஞானத்துக்குப் போன் பண்ணினேன்.

"தம்பி, பாப்பா வரேங்குது. மனசு மாறிருச்சு"ன்னேன்.

நானே மேல பேசினேன். "வசு வேற தப்பா நினைச்சுக்கிட்டு இருக்கா. பாப்பா வர்றது உங்களுக்குப் பிடிக்கலன்னு."

"எனக்கா? நான் எப்பக்கா அப்படிச் சொன்னேன்? சீட்டு சொல்லி வச்சிருக்கேன்னு உங்ககிட்டதானே..." அப்படியே நிறுத்திட்டாரு. ஒரு லாரி ஹாரன் அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் மெதுவா, "அக்கா, அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க, பாப்பா வரமாட்டேங்குறான்னு" அப்படின்னாரு.

"மாடியில டவர் சரியாக் கிடைக்கல தம்பி. நீங்க நேர்ல வாங்க. வசுகிட்ட நீங்களே பேசுங்க. போன்ல பேசாதீங்க, நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசினா உருப்படாது"ன்னு வச்சுட்டேன். டவர் நல்லாத்தான் இருந்துச்சு.

மே 12, செவ்வாய்

விடியக்காலை பஸ்ஸுல வந்து இறங்கிட்டாரு. முகம்கூடக் கழுவல. வசு கதவைத் தொறந்தவ அப்படியே நின்னுட்டா. அவரு உள்ள வர்றதுக்கு முன்னாடியே, "வசுமதி, பாப்பா வராம எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். இதை முதல்லயே சொல்லாதது என் தப்பு. உங்களக் கட்டாயப்படுத்துற மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டேன்"னாரு. வசு அழுதுட்டா. இவரு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பாத்துட்டு, "காபி போடு தவமணி"ன்னாரு. ஆம்பளைங்களுக்கு அழுகையப் பாத்தா காபி ஞாபகம்தான் வரும்.

திருஞானம் இட்லி சாப்பிடும்போது ஒரு தடவ என்னை நிமிர்ந்து பாத்தாரு. தெரிஞ்சுக்கிட்ட பார்வை. வசுகிட்டச் சொல்லப் போறாருன்னு கரண்டிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். "சட்னி நல்லாருக்குக்கா"ன்னாரு. அவரு சட்னியே தொடாத ஆளு. ஒரு வார்த்தை கேட்டிருந்தா நல்லா நாலு கேள்வி கேட்டுச் சண்டை போட்டிருப்பேன். கேக்காம விட்டா என்னதான் செய்யறது?

மே 18, திங்கள்

டி.சி. வாங்கியாச்சு. நான்தான் போனேன். எச்.எம். ஏன் மாத்துறீங்கன்னு கேட்டாங்க. "அம்மாகூடப் போறா"ன்னேன். ரெண்டே வார்த்தை.

மத்தியானத்துக்கு முன்னாடி வீட்டுக்கு வந்து வசுவுக்குப் பாடம் எடுத்தேன். பிள்ளைக்கு ரெட்டை ஜடை பின்ன அவளுக்கு வரல. வகிடு கோணலாப் போகுது. பூவிழி, "அம்மா வலிக்குது"ங்குறா. எனக்கு அந்த நிமிஷம் உள்ளுக்குள்ள ஒரு குளிர்ச்சி வந்தது நிஜம். அப்புறம் வசு கையைப் பிடிச்சு நானே பின்னக் கத்துக்கொடுத்தேன். தயிர்சாதத்துல மாதுளை போட்டாத்தான் டப்பா காலியாகும். இடி இடிச்சா தனியா விடக் கூடாது. தெரியாத கணக்கைத் தெரியும்னு சொல்லும், நம்பக் கூடாது. வசு எல்லாத்துக்கும் தலையாட்டிக்கிட்டே இருந்தா. "இதெல்லாம் எனக்குத் தெரியாமப் போச்சே அண்ணி"ன்னா. "நீ கடையில நின்னதாலதான் அவ இங்க உக்காந்து சாப்பிட்டா. போடி"ன்னேன்.

மே 24, ஞாயிறு

கல்யாணம்.

அம்மா கழுத்துல தாலி ஏறுறதப் பிள்ளை பாக்கக் கூடாதுன்னு சித்தி நேத்தே சட்டம் போட்டுட்டா. தவமணி பிள்ளையோட வீட்டுல இருக்கட்டும்னு முடிவாச்சு. எனக்கு அது ஒரு விதத்துல நிம்மதிதான். கடைசியா ஒரு காலை வேளை பிள்ளை என்கூட.

எல்லாரும் வயலூர் கிளம்பிப் போனதும் பாத்தா, பூவிழி பட்டுப்பாவாடையக் கட்டிக்கிட்டு, கொலுசு போட்டுக்கிட்டு, சோபா நுனியில உக்காந்திருக்கா. நான் ஒண்ணும் சொல்லல, அவளாக் கட்டியிருக்கா. போகணும்னு கேக்கல, அழல. கால் மட்டும் ஆடிக்கிட்டே இருக்கு. அவரு ஆட்டுற மாதிரியே.

"எந்திரிடி"ன்னேன்.

"சித்திப் பாட்டி திட்டுவாங்க அத்தை."

"திட்டட்டும். வாய் அவங்களுது, காது நம்மளுது."

தெருமுனையில ஆட்டோ பிடிச்சு, தலைகூடச் சரியா வாராம, நைந்துபோன சேலையோட கோயிலுக்குப் போய் நின்னேன். மேளம் ஏறிக்கிட்டு இருக்கு. சித்தி கண்ணாலயே என்னை எரிச்சா. நான் பூவிழியோட தோளப் பிடிச்சு, கூட்டத்துக்குள்ள முண்டிக்கிட்டுப் போயி, வசுவுக்குப் பக்கத்துல கொண்டுபோய் நிறுத்திட்டேன். வசு திரும்பிப் பாத்தா. அந்த முகத்தை என்னால எழுத முடியாது. திருஞானம் கையில தாலியோட கொஞ்சம் நகர்ந்து பிள்ளைக்கு இடம் விட்டாரு. தாலி கட்டும்போது கோயில்ல முதல்ல கைதட்டினது பூவிழிதான். நான் தூணுக்குப் பின்னாடி போயிட்டேன்.

மே 30, சனி

பஸ் ஏத்தி விட்டுட்டு வந்தோம். பூவிழி ஜன்னல் சீட்டு கேட்டு அவருகிட்டச் சண்டை போட்டுக்கிட்டு இருந்தா. டாட்டா காட்ட மறந்துட்டா. பஸ் திரும்பினப்புறம் ஞாபகம் வந்து கையை வெளிய நீட்டினா. "கையை உள்ள இழு"ன்னு கத்தினேன். கடைசியா அவகிட்டச் சொன்னது அதுதான்.

வீட்டு வாசல்ல வந்து இவரு, "மனசு கஷ்டமா இருக்கா?"ன்னு கேட்டாரு. "எனக்கு என்ன, வேலை மிச்சம்"னேன்.

ஜூன் 2, செவ்வாய்

கோர்ட்டு தொறந்துருச்சு. ஆறு மனு. சாயங்காலம் முறுக்கு வாங்கிட்டேன், பழக்க தோஷம்.

ஜூன் 6, சனி

காலையில வசு போன் பண்ணினா. குரல் கம்மியிருந்துச்சு.

"அண்ணி, பாப்பா தூங்கவே மாட்டேங்குறா. அத்தை அத்தைன்னு ஒரே அழுகை. ஸ்கூல்லயும் யார்கூடவும் பேசலையாம். அவரும் என்னென்னமோ பண்ணிப் பாக்குறாரு. நாங்க பேசினோம். ஒரு வருஷம் உங்ககிட்ட இருக்கட்டுமா? நாளைக்கே கூட்டிட்டு வந்துரட்டுமா?"

எதுக்காக ஏப்ரல்ல இருந்து பித்துப் பிடிச்ச மாதிரி திரிஞ்சேனோ, அதைக் கொண்டுவந்து என் மடியிலயே வைக்கிறா. சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். பிள்ளை நாளைக்குச் சாயங்காலம் வீட்டுல இருப்பா. கட்டில்ல அவ தலகாணிய இன்னும் எடுக்கல. வாயைத் தொறந்துட்டேன்.

அப்புறம் அந்த ஹாஸ்டல் கேள்வி. இப்பக் கூட்டிட்டு வந்தா அவ மனசுல என்ன விழும்? அம்மா புது வீட்டுல நமக்கு இடம் இல்ல, நாம போனாத்தான் அவங்க நல்லா இருப்பாங்கன்னு விழும். வாழ்க்கை பூரா அது போகாது.

"வேணாம்"னேன்.

"அண்ணி?"

"கூட்டிட்டு வராத. இங்க பாரு, ஒண்ணு உன்கிட்டச் சொல்லாம வச்சிருந்தேன். அவ தூங்கும்போது காது மடலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்குவா. என் காதைத்தான் பிடிப்பா. நீ தோடு, ஜிமிக்கி எல்லாத்தையும் கழட்டி வச்சுட்டு பக்கத்துல படு. அவ கையை எடுத்து உன் காதுல வையி. முதல் நாள் தள்ளிவிடுவா. மறுபடியும் வையி."

அந்தப் பக்கம் வசு அழறது கேட்டுச்சு. "ஏன் அண்ணி இதை முன்னாடியே சொல்லல?"

"மறந்துட்டேன். போனை அவகிட்டக் குடு."

பூவிழி வந்ததும், "அத்தை, என்னைக் கூட்டிட்டுப் போ"ன்னா. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. நான் சிரிச்சுக்கிட்டே பேசினேன். "எங்கடி வருவ, அத்தைக்கு கோர்ட்டுல வேலை தலைக்கு மேல. உன்னைப் பாத்துக்க எனக்கு நேரம் ஏது? இங்க நான் கை காலை நீட்டி நிம்மதியாத் தூங்குறேன். நீ தூக்கத்துல உதைச்ச உதை இருக்கே, இப்பத்தான் இடுப்பு வலியே போச்சு. தினமும் போன் பண்ணாத, என்ன? காலாண்டு லீவுக்கு வா. அதுக்குள்ள அவரை ஒரு தடவையாவது ஊனோவுல ஜெயி. ஜெயிச்சா மட்டும் போன் பண்ணு."

"உனக்கு என்னைத் தேடலையா அத்தை?"ன்னா.

"இல்லடி"ன்னேன். எத்தனையோ பொய்யை டைப் பண்ணியிருக்கேன், பேசியும் இருக்கேன். இப்படி ஒண்ணை இதுவரைக்கும் சொன்னதில்ல.

ஜூன் 9, செவ்வாய்

போன் வரல. ரெண்டு தடவ நம்பரைத் தட்டி, மணி அடிக்கிறதுக்குள்ள நிறுத்திட்டேன்.

ஜூன் 11, வியாழன்

வசு மெசேஜ் மட்டும் போட்டிருக்கா. நேத்து பாப்பா அவ காதைப் பிடிச்சுக்கிட்டுத் தூங்கினாளாம். வெடுக்குன்னு கிள்ளிட்டாளாம், காது சிவந்துருச்சாம். அதைப் படிச்சுட்டு இவருகிட்டக் காட்டினேன். "அப்பாடா"ன்னாரு. நானும் அப்பாடான்னேன். பாத்ரூம்ல போய் கொஞ்ச நேரம் தண்ணியத் தொறந்துவிட்டு நின்னேன்.

ஜூன் 14, ஞாயிறு

இன்னைக்கும் பூவிழி போன் பண்ணல. அழாம இருக்கான்னு அர்த்தம். போனைச் சார்ஜ்ல போட்டு பக்கத்துலயே வச்சிருக்கேன்.